ஒரு கரைக்கு இரண்டு மதிப்பெண்

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் ஊரில் எல்லார் வாயிலும் வரும் கேள்வி, "இந்த வருசம் கரை தாங்குமா?" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கரை எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒன்று. அது உடைந்தால் கீழே யாருக்கு என்ன நேரும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை வேண்டுமானால் கரைமேல் நடக்க வேண்டும். இரண்டாவதற்கு, கரைக்கு முதுகைக் காட்டியபடி வாய்க்கால் வழியே ஊருக்குள் நடக்க வேண்டும். இரண்டு நடைக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுவது எப்படி என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

அணை என்றதும் மேட்டூர், வைகை அளவுக்கு யோசிக்க வேண்டாம். மண்ணைக் கொட்டி இறுக்கி அதன் பின்னால் தண்ணீரைத் தேக்கினால் அது மண் அணைதான். உங்கள் ஊர் ஏரி, கண்மாய், குளம், தாங்கல் எல்லாவற்றின் கரையும் இதில் அடக்கம்.

பொறியாளர்கள் இந்த இரண்டு மதிப்பெண்களையும் எப்போதும் பிரித்தே எழுதுவார்கள். கரையின் உடல்நிலையைச் சொல்வதை நலத் தரம் என்றும், உடைந்தால் வரக்கூடிய சேதத்தைச் சொல்வதை அபாய வகை என்றும் இந்நூலில் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவின் தேசிய அணைப் பதிவேட்டில் அபாய வகை மூன்று. உடைந்தால் மனித உயிர் போகும் என்று எதிர்பார்க்கத்தக்கது உயர் அபாயம். உயிர்ச்சேதம் எதிர்பார்க்கப்படாமல், சொத்துக்கோ சாலை, குடிநீர், மின்சாரம் போன்றவற்றுக்கோ கணிசமான கேடு வருமானால் நடுத்தர அபாயம். அணைக்காரரின் சொந்த நிலத்தோடு சேதம் பெரும்பாலும் நின்றுவிடுமானால் தாழ் அபாயம். நலத் தரம் வேறு ஏணி: திருப்தி, சுமார், மோசம், ஏற்கத் தகாதது என்று இறங்கும். பார்க்கவே படாத அணைக்கு 'தரமிடப்படவில்லை' என்று எழுதுவார்கள். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பயப்பட வேண்டிய சொல் அதுதான்.

ஓர் அணைக்கு 'உயர் அபாயம்' என்று எழுதியிருந்தால் அது உடையப் போகிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. நேற்றுக் கட்டிய கரையாக இருக்கலாம், ஒரு சொட்டு கசியாமலும் இருக்கலாம். கீழே ஒரு தெரு இருந்தால் அது உயர் அபாயக் கரைதான். அதேபோல, எலி வளையும் வெடிப்புமாகக் கிடக்கும் கரைக்குக் கீழே வெறும் பொட்டல் மட்டும் இருந்தால் அது தாழ் அபாயம்தான், நலத் தரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் கேடு சின்னதல்ல. 'கரை நன்றாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னதும் கீழே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

டொக்கோவாவில் நடந்தது

அப்படித் தூங்கப் போனவர்களின் கதை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற சிற்றூர். அங்கே ஒரு விவிலியக் கல்லூரி. வளாகத்துக்கு மேலே 186 அடி உயர அருவி. அருவிக்கும் மேலே கெல்லி பார்ன்ஸ் என்ற சிறிய மண் அணை. கல்லும் மரமும் அடுக்கிய தடுப்பாகத் தொடங்கி, பிறகு மின்சாரம் எடுப்பதற்காக மண் போட்டு உயர்த்தப்பட்டது. 1957-இல் மின்நிலையம் நின்றுபோனது. அதன்பின் அது பொழுதுபோக்குக்கான ஒரு குளம், அவ்வளவே. வருமானம் தராத கரையைப் பராமரிக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. வெளிச்சரிவில் மரங்கள் வளர்ந்தன. அந்தச் சரிவு ஏறக்குறைய ஓரடிக்கு ஓரடி என்ற செங்குத்தில் நின்றது. 1973-இலேயே அதில் ஒரு பகுதி சரிந்திருந்தது.

1977 நவம்பர் முதல் வாரத்தில் சில நாள்களில் சுமார் 7 அங்குலம் மழை பெய்தது. நவம்பர் 6, ஞாயிறு, பின்னிரவு 1.30 மணி அளவில் கரை உடைந்தது. தண்ணீர் அருவி வழியே விழுந்து, மாணவர் விடுதியின் கீழ்த்தளத்திலும் குடும்பங்கள் குடியிருந்த வண்டி வீடுகளிலும் புகுந்தது. 39 பேர் இறந்தார்கள்.

இனி அளவுகளைப் பாருங்கள். அணையின் உயரம் சுமார் 40 அடி. நீர்ப்பரப்பு சுமார் 40 ஏக்கர். உடைந்தபோது வெளியேறிய நீர் சுமார் 630 ஏக்கர் அடி. நம் பொதுப்பணித் துறை பாஷையில் 27 மில்லியன் கன அடிக்குச் சற்று மேல். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதாவது 130 டொக்கோவாக் குளங்களைச் செம்பரம்பாக்கத்தில் கொட்டினாலும் இடம் மிச்சமிருக்கும். ஆனால் அந்தச் சின்னக் குளம் உடைந்த நேரத்தில் உச்சப் பாய்ச்சல் விநாடிக்கு 24,000 கன அடி என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் கணித்தது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் திறக்கப்பட்டது 29,000 கன அடி. அடையாற்றங்கரை அன்று என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். கொள்ளளவில் 130-இல் ஒரு பங்குகூட இல்லாத குளம் அதற்குக் கிட்டத்தட்ட ஈடாகப் பாய்ந்திருக்கிறது. ஏரியில் மதகைத் திறந்தால் மணிக்கணக்கில் போகும் தண்ணீர், கரை உடைந்தால் நிமிடக்கணக்கில் போய்விடும். 24,000 கன அடி வேகம் குறையாமல் நீடித்திருந்தால் மொத்தக் குளமும் 19 நிமிடத்தில் காலியாகியிருக்கும்.

'சின்ன ஏரிதானே' என்ற சொல்லை இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நான் பயன்படுத்துவதில்லை.

இன்னொரு செய்தியும் இதில் உண்டு. அணைகளைச் சோதிக்க அமெரிக்காவில் 1972-இலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவேடு தயாரானது. சோதனைக்குப் பணம் ஒதுக்கவில்லை. டொக்கோவாவுக்குப் பிறகு அதிபர் ஜிம்மி கார்ட்டர் உத்தரவிட்டு, 1978 முதல் 1981 வரை ராணுவப் பொறியாளர் படை சுமார் 8,800 உயர் அபாய அணைகளைச் சோதித்தது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. போய்ப் பார்த்ததால்தான் தெரிந்தது.

சட்டம் எட்டாத கரைகள்

நம் நாட்டில் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மழைக்கு முன்னும் பின்னும் சோதனை, அபாய வகைப்பாடு, அவசரகாலச் செயல்திட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமிருந்து நீளம், கொள்ளளவு முதலிய சில நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்றுக்குப் பொருந்தும் அணைகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் கரை 10 மீட்டரைத் தொடுவதில்லை. சுமார் 14,000 ஏரிகள் நீர்வளத் துறையிடமும், 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. ஒரு செயற்பொறியாளர் எத்தனை கரையில் நடப்பார்? உங்கள் ஊர்க் கரைக்கு மதிப்பெண் போடும் முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் கீழே நடங்கள்

வழிகாட்டிகள் பலவும் கரையிலிருந்து தொடங்கும். நான் மாற்றிச் சொல்கிறேன்: அபாய வகையை முதலில் போடுங்கள். கீழே பார்த்துவிட்டு வந்தவர் கரையைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதைத் தோராயமாகத் தெரிந்துகொள்ளுங்கள். நீர்ப்பரப்பை ஏக்கரில் எடுத்து, மிக ஆழமான இடத்து ஆழத்தை அடியில் எடுத்து, இரண்டையும் பெருக்கி, வருவதை 0.4-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது ஏக்கர் அடி. டொக்கோவாவுக்கு 40 × 40 × 0.4 போட்டால் 640 வருகிறது. உண்மையான கணக்குக்கு நெருக்கம்தான். உங்கள் ஏரி 100 ஏக்கர், ஆழம் 10 அடி என்றால் 400 ஏக்கர் அடி, அதாவது 17 மில்லியன் கன அடிக்குச் சற்று மேல். தண்ணீர் அளவு மட்டும் போதாது, உயரமும் வேண்டும். கரை உயரம் பாதியானால் உச்சப் பாய்ச்சல் பாதிக்கும் கீழே போய்விடும். எனவே 10 அடிக் கரை 40 அடிக் கரையைப் போல் பாயாது. ஆனாலும் விநாடிக்குச் சில ஆயிரம் கன அடி வரும். முழங்கால் அளவு ஓடும் தண்ணீரே காரை நகர்த்தும். அதை நினைவில் வைத்து நடங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? கரை மிக உயரமாக இருக்கும் இடத்திலிருந்து. அதுதான் பெரும்பாலும் பழைய ஓடையின் படுகை. ஓடையை மறித்துத்தான் நம் முன்னோர் கரை போட்டார்கள்; கரை உடைந்தால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் போகும். இன்று அந்த ஓடைத் தடம் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பாருங்கள். தாழ்வான பாதை, வரிசையாகக் கோரைப் புல், மழை பெய்தால் முதலில் தண்ணீர் நிற்கும் தெரு ஆகியவை அடையாளம் காட்டும்.

போகிற வழியில் வீடுகளை எண்ணுங்கள். அங்கன்வாடி, பள்ளி, சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, மருத்துவமனை, செங்கல் சூளையில் தங்கி வேலை செய்கிறவர்களின் குடிசை, ஆட்டுக்கிடை, மின்மாற்றி, குடிநீர்க் கிணறு, சாலையின் சிறுபாலம், ரயில் பாதை எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: பகல் கணக்கை எடுக்காதீர்கள், இரவுக் கணக்கை எடுங்கள். டொக்கோவா உடைந்தது பின்னிரவு 1.30-க்கு. இலங்கையில் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தது விடியாத அதிகாலையில். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற மண் அணை 2019 ஜூலை 2 அன்று உடைந்து சுமார் 20 பேர் மாண்டதும் இரவில்தான். பகலில் ஆள் இல்லாத வயல்வெளி வீட்டில் இரவில் ஒரு குடும்பம் படுத்திருக்கும். பகலில் நிரம்பி வழியும் பள்ளி இரவில் காலி. ஆனால் அதன் பக்கத்து விடுதி காலியாக இருக்காது.

எதுவரை நடப்பது? தண்ணீர் ஒரு பெரிய ஆற்றில் சேரும் வரை, அல்லது அடுத்த ஏரி வரை. நம் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியின் கலுங்கு நீர் கீழ் ஏரிக்கு வரத்து. மேல் ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கீழ் ஏரிக்கு வரும். கீழ் ஏரியும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதன் கலுங்கு அவ்வளவையும் வெளியேற்றாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்ததை நாம் பார்த்தோம். ஆகவே உங்கள் ஏரிக்குக் கீழே வீடே இல்லாவிட்டாலும், அடுத்த ஏரிக்குக் கீழே ஊர் இருந்தால் அந்த ஊர் உங்கள் கணக்கில் வரும்.

ஒரு குடும்பம் படுத்துறங்கும் வீடு வழியில் இருந்தாலும் அபாய வகை 'உயர்வு'. இதில் பேரம் பேசாதீர்கள். வீடில்லை, ஆனால் சாலையோ மின்மாற்றியோ குடிநீர்க் கிணறோ போகும் என்றால் 'நடுத்தரம்'. தரிசும் வயலும் மட்டும் என்றால் 'தாழ்வு'.

இந்த மதிப்பெண்ணை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கரையில் ஒரு கூடை மண்கூட மாறாமலே அபாய வகை மாறிவிடும். போன வருடம் பொட்டலாக இருந்த இடத்தில் இந்த வருடம் கல் நட்டு மனை போட்டிருப்பார்கள். உபரி நீர் வாய்க்காலை ஒட்டி வண்ணக் கொடி கட்டியிருந்தால், உங்கள் கரை அந்த வாரமே தாழ் அபாயத்திலிருந்து உயர் அபாயத்தை நோக்கி நகரத் தொடங்கிவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். மனை வாங்குகிறவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், சொல்லுங்கள்.

இனிக் கரைமேல்

மண் அணைகள் உடைவதற்கு இரண்டு காரணங்களே பெரும்பங்கு வகிக்கின்றன. தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்து வெளிச்சரிவை அறுத்துக்கொண்டு போவது ஒன்று. கரைக்குள்ளேயோ அடியிலேயோ தண்ணீர் வழி கண்டுபிடித்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வெளியேறுவது இன்னொன்று. கரை சரிவது அடுத்த நிலையில் வரும். பார்க்க வேண்டியவை நிறைய என்று மலைக்க வேண்டாம். முதல் காரணத்துக்குக் கலுங்கையும் கரை உச்சியையும் பாருங்கள். இரண்டாவதற்கு வெளியடியையும் மதகையும் பாருங்கள்.

கலுங்கில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கட்டியவர் விட்ட வழி முழுசாகத் திறந்திருக்கிறதா? கூடுதலாகத் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்று கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவதும் பலகை செருகுவதும் பல ஊர்களில் வழக்கம். விவசாயியின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஒரு முழம் தண்ணீர் என்பது கடைசி நனைப்புக்கு உயிர்நாடி. ஆனால் அந்த முழம் கரையின் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இருக்கும் காப்பு உயரத்திலிருந்து திருடப்படுகிறது. முழுக் கொள்ளளவு மட்டத்துக்கும் கரை மேல்மட்டத்துக்கும் இடையில் விடப்பட்ட இடம் வெள்ளத்துக்கும் அலைக்கும் ஒதுக்கியது. மூட்டை அடுக்கிய கலுங்கைப் பார்த்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் 'மோசம்' என்று போடுங்கள். மூட்டையை எடுத்த அன்றே தரத்தை உயர்த்திக்கொள்ளலாம்.

கரை உச்சியில் தாழ்ந்த இடம் எங்கே என்று தேடுங்கள். டிராக்டர் ஏறி இறங்கும் இடம், மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் தடம், கோயில் பக்கம் வெட்டிய பாதை. ஒரு நீளமான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தாலே தெரிந்துவிடும். கரை ஆயிரம் அடி நீளம் இருந்து 990 அடி உயரமாக நின்று என்ன பயன்? மீதிப் பத்தடியில்தான் தண்ணீர் ஏறும்.

உள்சரிவில் அலைக்கல் பெயர்ந்திருக்கிறதா, கரையின் நீளவாக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். நீளவாக்கு வெடிப்பில் ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் சரிவு தொடங்கிவிட்டது. எலி, நண்டு, உடும்பு வளைகளைக் குறியுங்கள்; எண்ணிக்கையைவிட உயரம் முக்கியம், நீர்மட்டத்துக்கு அருகில் இருப்பதே ஆபத்து. திவரேயில் உடைப்புக்கு நண்டின்மேல் பழி போட்டுப் பேசினார்கள். கரை கசிகிறது என்று ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள். முறையீட்டைக் கவனித்திருந்தால் நண்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்காது.

மரங்களைப் பற்றி நம்மூரில் சண்டையே நடக்கும். கரையின் உடம்பில் மரமே கூடாது என்பது பொறியியல் விதி. கரையில் பனை நிற்பது நம் வழக்கம். என் கருத்தைச் சொல்கிறேன்: பனையின் வேர் சல்லி வேர், வெளியடிக்கு அப்பால் ஓரமாக நிற்கும் பனையை நான் விட்டுவிடுவேன். ஆல், அரசு, வேம்பு, சீமைக்கருவேலம் ஆகியவற்றைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். பெரிதாகிவிட்ட மரத்தை மட்டும் அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள். அடிக்கட்டையும் வேரும் உள்ளே மக்கினால் தண்ணீருக்கு ஆயத்தமான குழாய் கிடைத்துவிடும். கோடையில், ஏரி வற்றியபின், வேரோடு எடுத்து, அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும்.

ஒரு டம்ளர் தண்ணீர்

வெளியடியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகைக் காலையில் சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயின் வெளியடியில் நின்றிருந்தேன். என்னுடன் வந்தவர் அந்த ஊர் நீர்ப்பாய்ச்சி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கரையடியிலிருந்து பத்தடி தள்ளி, வயல் சேற்றில் ஓரிடத்தில் தண்ணீர் சோறு கொதிப்பதுபோல் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் கோலமாவைக் கொட்டிவைத்தாற்போல நைசான மணல் சின்ன வட்டமாகக் குவிந்திருந்தது. பெரியவர் மடியிலிருந்த டம்ளரை எடுத்து, அந்தக் குமிழியில் தண்ணீர் மொண்டு, வரப்பின்மேல் வைத்தார். வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் காத்திருந்தோம். டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை மண் படிந்திருந்தது.

"தெளிஞ்சு வந்தா கரைக்கு வேர்க்குதுன்னு அர்த்தம் தம்பி. கலங்கி வந்தா கரை கரையுது" என்றார்.

நூறு பக்கக் கையேடு சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். எல்லா மண் கரையும் கசியும். கசிவு தெளிவாக இருந்து, அளவு கூடாமல் இருந்தால் குறித்துக்கொண்டு கவனித்தால் போதும். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது. வெளிப்பக்கம் தொடங்கிய துளை உள்பக்கம் ஏரியை நோக்கி வளர்ந்துகொண்டே போகும்.

அந்தக் குமிழியின் வாயை அடைக்கத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். அடைக்கக் கூடாது. அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும். பெரியவர் செய்தது இது: குமிழியைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கச் சொன்னார், கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவது மாதிரி. வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற குமிழியின் வேகம் குறைந்தது. அடியில் ஆற்றுமணல், அதன்மேல் பொடிக்கல், அதன்மேல் ஜல்லி போட்டார்கள். ஒரு பக்கம் சின்ன வாய் விட்டு, அதன் வழியே தண்ணீர் வடியவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வாயில் வந்தது தெளிந்த தண்ணீர். தண்ணீரைப் போக விட்டு மண்ணை மட்டும் நிறுத்துவதே இதன் சூட்சுமம்.

மதகுக் குழாய் கரையைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்திலும் இதே டம்ளர் சோதனையைச் செய்யுங்கள். மண்ணும் கட்டடமும் சேரும் இடம் எப்போதும் பலவீனம். மதகு அடைத்திருக்கும்போது குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டித் தண்ணீர் வந்தால், அது குழாய்க்குள்ளிருந்து வரவில்லை, கரைக்குள்ளிருந்து வருகிறது.

நலத் தரம் போடுவது இனி எளிது. கலுங்கு திறப்பு, சமமான உச்சி, உலர்ந்த அல்லது தெளிந்த வெளியடி என்றால் திருப்தி. வளை, செடி, பெயர்ந்த அலைக்கல் போலக் கோடையில் சரிசெய்யத்தக்கவை மட்டும் என்றால் சுமார். அடைத்த கலுங்கு, தாழ்ந்த உச்சி, கூடிவரும் கசிவு, செங்குத்தான வெளிச்சரிவு எதுவாயினும் மோசம். கலங்கிய கசிவு, உச்சியில் குழி, தாழ்ந்து நிற்கும் வெடிப்பு, நீர்ப்பக்கம் சுழி ஆகியவை ஏற்கத் தகாதவை. சந்தேகம் வந்தால் ஒரு படி கீழே போடுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது

உயர் அபாயமும் மோசமும் ஒரே கரையில் சேர்ந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. தடுமாற்றம் வருவது மற்ற சேர்க்கைகளில். பணம் ஒரு கரைக்குத்தான் இருக்கிறது. ஒன்று மோசம்-தாழ்வு, இன்னொன்று சுமார்-உயர்வு. நான் இரண்டாவதற்கே செலவு செய்வேன். முதலாவதில் போவது ஒரு போகம் விளைச்சல். அது திரும்ப வரும். இன்னொரு சேர்க்கை திருப்தி-உயர்வு. அதற்குச் சிமெண்டும் மண்ணும் தேவையில்லை. முழு ஏரி நிற்கும் இரவுகளில் கரைக்காவலும், கீழே உள்ள வீடுகளின் பெயர்ப்பட்டியலும், யார் யாரை எழுப்புவது என்ற ஏற்பாடும் தேவை.

ஏற்கத் தகாத அடையாளம் ஒன்றைக் கண்டால் வரிசை மாறக் கூடாது. முதலில் கீழே இருப்பவர்களை மேட்டுக்கு அனுப்புங்கள். கோயில் மணியோ மசூதி ஒலிபெருக்கியோ தேவாலய மணியோ, எது முதலில் எட்டுமோ அதை அடியுங்கள். அடுத்து மாவட்ட அவசர எண் 1077-க்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். கீழ் ஏரிக்காரருக்கும் மறக்காமல் சொல்லுங்கள். அதன் பிறகே மணல் மூட்டை. மதகுகளைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்கலாம்; பொறியாளர் சொல்லும் வேகத்தில் குறைப்பது நல்லது, மட்டம் சடாரென்று இறங்கினால் ஊறிய உள்சரிவு சரியும். கரையை ஓரிடத்தில் நாமே வெட்டிவிடலாம் என்று இளவட்டங்கள் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். வெட்டும் இடம் உங்கள் ஊரின் அபாயத்தை இன்னொரு ஊரின் தலையில் போடக்கூடும். அந்த முடிவு அதிகாரிகளுடையது.

இந்த வருடம் ஐப்பசி பிறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். காலையில் கீழே நடங்கள், மாலையில் கரைமேல் நடங்கள். இரண்டு மதிப்பெண்களையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ரேஷன் கடைச் சுவரிலும் ஊராட்சிப் பலகையிலும் ஒட்டுங்கள். ஒரு பிரதியைப் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேதி போட மறக்காதீர்கள். அடுத்த வருடம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் மறுபடி நடக்க வேண்டும்.